வயர்லெஸ் கதவுக்கும் வயர் வேண்டும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தள நுழைவுக் கதவுக்கு, ரிமோட்டிலும் கார்டிலும் திறக்கக்கூடிய வயர்லெஸ் கன்ட்ரோல் பேனல் ஒன்றையும் 280 கிலோ இழுவிசை கொண்ட காந்தப் பூட்டு ஒன்றையும் வாங்கியிருக்கிறோம். பொருத்த வந்தவரோ சுவரைக் கொத்தி வயர் இழுக்க வேண்டும் என்கிறார். வயர்லெஸ் என்று வாங்கிய பொருளுக்கு எதற்கு ஐயா வயர்? மின்சாரம் போனால் கதவு என்னவாகும்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வந்தவர் உங்களை ஏமாற்றவில்லை. ‘திற’ என்ற கட்டளை மட்டுமே காற்றில் வருகிறது. பூட்டைப் பிடித்து வைத்திருக்கும் மின்சாரம் வயரில்தான் வந்தாக வேண்டும். அட்டைப் பெட்டியின் மேல் ‘வயர்லெஸ்’ என்று அச்சிடுகிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்து அச்சிட்டால் பல சண்டைகள் குறையும்.

காந்தப் பூட்டுக்கு மின்சாரம் ஓடும்வரைதான் பிடிப்பு உண்டு. எனவே அதை பேனலின் ரிலேயில் (பேனலின் கட்டளைப்படி மின்சுற்றைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) ‘காம்’ எனும் பொது முனை, ‘என்.சி.’ ஆகிய இரண்டின் வழியாக இணைக்க வேண்டும். சாதாரண நிலையில் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும்; ரிமோட்டை அழுத்தியதும் சில நொடிகள் பிரிந்து, பூட்டு விடுபடும். மின்சாரம் வந்தால்தான் திறக்கும் வகைப் பூட்டாக இருந்தால் ‘காம்’ முனையையும், சாதாரண நிலையில் அதிலிருந்து பிரிந்தே இருக்கும் ‘என்.ஓ.’ முனையையும் பயன்படுத்த வேண்டும். ‘ரிமோட்டை அழுத்தினால் பூட்டுகிறது, விட்டால் திறக்கிறது’ என்று எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ‘என்.சி.’, ‘என்.ஓ.’ முனைகளை மாற்றிக் கொடுத்ததால் வருபவைதாம்.

பவர் சப்ளையின் பாசிட்டிவ் முனையிலிருந்து ‘காம்’ முனைக்கும், ‘என்.சி.’ முனையிலிருந்து பூட்டின் பாசிட்டிவுக்கும், பூட்டின் நெகட்டிவிலிருந்து நேரே பவர் சப்ளையின் நெகட்டிவுக்கும் வயர் செல்ல வேண்டும். பூட்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே, பூட்டின் அருகிலேயே, 1என்4007 டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பொருள்) ஒன்றை, அதன் வெள்ளிக்கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி இணைத்துவிடுங்கள். மின்சாரம் துண்டிக்கப்படும் கணத்தில் பூட்டின் சுருள் எதிர்த் திசையில் ஓர் உயர் மின்னழுத்தத்தை உதைத்துத் தள்ளும். டையோடு இல்லையென்றால் அந்த உதை ரிலேயின் தொடுமுனைகளைக் கருக்கும், சில வேளைகளில் பேனலையே செயலற்று உறையவும் வைக்கும். ஓரிரு ரூபாய்ப் பொருள் என்பதாலேயே பலரும் இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். உங்கள் பூட்டினுள்ளேயே இது அமைந்திருக்கிறதா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போனால் காந்தப் பூட்டு திறந்துகொள்ளும். தீ விபத்தின்போது வெளியேற அதுவே பாதுகாப்பு. திருட்டுக்கு அஞ்சினால், பேட்டரிக்கென்று தனி முனையுள்ள பவர் சப்ளை வாங்கி, 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை இணையுங்கள். பூட்டுக்கு அரை ஆம்பியர், பேனலுக்கும் கார்டைப் படிக்கும் ரீடருக்கும் 0.2 ஆம்பியர் என்று கொண்டால் கணக்குப்படி 10 மணி நேரம் தாங்க வேண்டும். நடப்பில் 7 மணி நேரத்துக்கு மேல் நான் நம்புவதில்லை. பேட்டரி முனை இல்லாத சாதாரண 12 வோல்ட் சப்ளையோடு பேட்டரியை நேராகச் சேர்த்துவிடாதீர்கள். அந்தப் பேட்டரி முழுதாக ஏற ஏறத்தாழ 13.8 வோல்ட் வேண்டும் என்பதால், அது எப்போதும் அரைகுறையாகவே இருந்து சீக்கிரம் கெட்டுவிடும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். உள்ளிருப்பவர் வெளியேறும் கதவைச் சாவியின்றித் திறக்க முடிய வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்வதே. ஆகவே உள்பக்கத்தில் எக்ஸிட் பட்டன் தவிர, அவசரகாலத்தில் அழுத்தும் பச்சைப் பெட்டி ஒன்றும் இருக்கட்டும். எக்ஸிட் பட்டன் பேனலிடம் ‘திற’ என்று கேட்பது. பச்சைப் பெட்டி எவரையும் கேளாமல் பூட்டுக்குப் போகும் பாசிட்டிவ் வயரையே வெட்டுவது. பேனல் உறைந்துபோன நாளில் முன்னது உதவாது. 230 வோல்ட் பக்கத்தை உரிமம் பெற்ற மின் பணியாளரிடமே விடுங்கள்.

கேள்வி: அலுவலகக் கதவின் காந்தப் பூட்டு பச்சை விளக்கைக் காட்டுகிறது, தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருக்கிறது, ஆனால் பலமாக இழுத்தால் கதவு வந்துவிடுகிறது. பூட்டை இருமுறை மாற்றியும் பயனில்லை. பேனலிலிருந்து பூட்டு 25 மீட்டர் தொலைவில் இருக்கிறது. மீந்து கிடந்த நெட்வொர்க் கேபிளில் இரண்டு வயர்களைப் பயன்படுத்தியிருக்கிறோம்.
– ஒரு வாசகி, கோவை

பதில்: விடையை உங்கள் கடைசி வரியிலேயே எழுதிவிட்டீர்கள். மூன்றாவது பூட்டு வாங்கிவிடாதீர்கள். நெட்வொர்க் கேபிளின் ஒற்றை இழை, கிலோமீட்டருக்கு 84 ஓம் அளவுக்கு மின்தடை கொண்டது. போகவும் வரவுமாக 50 மீட்டருக்கு 4.2 ஓம் ஆகிறது. 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் பூட்டின் தடையே 24 ஓம்தான். கணக்குப் போட்டால் பூட்டை வந்தடைவது ஏறத்தாழ 10.2 வோல்ட். மல்டிமீட்டரின் முனைகளைப் பவர் சப்ளையில் வைக்காமல், பூட்டு பிடித்திருக்கும்போது அதன் ஸ்க்ரூக்களிலேயே வைத்துப் பாருங்கள். காந்தத்தின் பிடி, மின்னோட்டம் குறைவதைவிட வேகமாகக் குறையும் என்பதால், இந்த இழப்பில் கால் பங்குப் பிடிப்புகூடப் போயிருக்கலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர வயருக்கு மாற்றினால் 11.5 வோல்ட் கிடைக்கும். வெதுவெதுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆறு வாட் மின்சாரம் ஓயாமல் ஓடும் சுருள் சற்றே சூடாகத்தான் இருக்கும்.

வயரை மாற்றிய பிறகும் பிடிப்பு போதவில்லை என்றால், கதவிலுள்ள இரும்புத் தட்டைப் பாருங்கள். அதன் பின்னால் ரப்பர் வாஷர் வைத்து, தட்டு சற்றே ஆடும்படி விட வேண்டும். அப்போதுதான் அது காந்தத்தின் முகத்தோடு முழுதாகப் படியும். நானே ஒருமுறை, தட்டு ஆடுகிறதே என்று நடு ஸ்க்ரூவை இறுக முறுக்கிவிட்டு வந்து, மறுநாள் காலையிலேயே திரும்பப் போக வேண்டியதாயிற்று. பூட்டிய நிலையில் இடுக்கின் நான்கு ஓரங்களிலும் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பாருங்கள். எந்த மூலையில் காகிதம் நுழைகிறதோ அந்த மூலையில் தட்டு படியவில்லை.

கேள்வி: ரிமோட் மேசைமேல் சோதித்தபோது முப்பது மீட்டரிலும் வேலை செய்தது, பொருத்திய பின் மூன்று மீட்டர்கூட எட்டவில்லை. தவிர, கடைத்தெருவில் ரிமோட்டை நகல் எடுத்துத் தருகிறார்களாமே?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ரிசீவரை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடியிருப்பீர்கள். 433 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது மூடிய அறை. பேனலிலிருந்து தொங்கும் ஒற்றை வயர்தான் ஆன்டெனா. அழகுக்காக அதைச் சுருட்டிக் கட்டவோ வெட்டவோ கூடாது. சுமார் 17 சென்டிமீட்டர் நீளத்துக்கு நேராக, பெட்டிக்கு வெளியே, மின் வயர்களை விட்டு விலகி நிற்கட்டும்.

நகல் எடுப்பது உண்மையே. மலிவு ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைத்தான் ஒலிபரப்புகின்றன. ஒருமுறை அதைப் பிடித்துக்கொண்ட கருவி எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்லும். அழுத்துந்தோறும் எண் மாறும் ‘ரோலிங் கோடு’ வகையைக் கேட்டு வாங்குங்கள். 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகளுக்கும் இதே பலவீனம் உண்டு.

கேள்வி: கதவுக்கு வெளியே உள்ள கீபேடைக் கழற்றிவிட்டால் திருடன் கதவைத் திறக்க முடியுமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பூட்டின் வயர் அந்தக் கீபேடின் ரிலே வழியாகவே போகிறதென்றால், முடியும், காந்தப் பூட்டாக இருந்தால் ஒரு வயரை வெட்டினாலே போதும். ரிலே உள்ள கன்ட்ரோலரைக் கதவின் உள்பக்கம் வையுங்கள். வெளியே எண்ணைப் படித்து அனுப்பும் ரீடர் மட்டும் இருந்தால் போதும்.