கேமராவுக்கு நிறம் கிடையாது என்றால், கறுப்பினப் புகைப்படக்காரர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் தனி மையம் எதற்கு? நாமெல்லாம் அங்கே போகலாமா?

கேமராவுக்கு நிறம் நன்றாகவே தெரியும். நீங்கள் கேட்பது நியூயார்க் பல்கலைக்கழகத்தில் புகைப்பட வரலாற்று ஆய்வாளர் டெபோரா வில்லிஸ் தலைமையில் நடக்கும் கறுப்பினக் காட்சிப் பண்பாட்டு மையத்தைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன். அநேகமாக இங்கே அமெரிக்காவில் புகைப்படக்கலை படிக்க விண்ணப்பிக்கிறீர்கள், வழியில் இந்தப் பெயர் கண்ணில் பட்டிருக்கும்.

எனக்கு நியூஜெர்சியில் மென்பொருள் வேலை. ஆசைக்காக நியூயார்க்கில் ஒரு கல்லூரியில் மாலை நேரப் புகைப்பட வகுப்பில் சேர்ந்தேன். ஒரே படத்தில் இரண்டு பேரை எடுத்து வரச் சொன்னார்கள். புரூக்ளினில் இருந்து வந்த கறுப்பினத் தோழி ஒருத்தியையும், செம்பட்டை முடிக்காரப் பையன் ஒருவனையும் வராந்தாவின் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கவைத்து எடுத்தேன். பையன் முகத்தில் புள்ளி புள்ளியாக இருந்த மச்சம்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. அவளுக்குக் கண்ணும் பல்லும் சட்டைக் காலரும்தான். கன்னம், நெற்றி எல்லாம் ஒரே கரும்பரப்பு. வெளிச்சத்தைக் கூட்டினால் பையன் முகம் வெளிறிப்போகும். வகுப்பில் மற்றவர்கள் எடுத்ததும் இப்படித்தான் இருந்தது. ஆசிரியர் பார்த்துவிட்டு, “அந்தப் பெண்ணைத் தனியாக எடுத்திருக்கலாமே” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.



திரும்பும் வழியில் அந்தத் தோழி சொன்னாள்: பள்ளியில் வருஷா வருஷம் எடுக்கும் வகுப்புப் படத்தில் தன் முகம் இப்படித்தான் வரும், அம்மா காசு கொடுத்து வாங்கவே மாட்டாராம். அவள்தான் என்னை அந்த மையத்தின் நிகழ்ச்சி ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். பேச்சு முடிந்ததும் வயதான புகைப்படக்காரர் ஒருவரிடம் அந்தப் பிரிண்டை நீட்டினாள். அவர் அதை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஹார்லெம் வாழ்க்கையைப் படமெடுத்த கறுப்பினப் புகைப்படக்காரர் ராய் டிகராவா தன் படங்களை எவ்வளவு இருட்டாகப் பிரிண்ட் போட்டாலும் அந்த இருட்டுக்குள்ளே முகம் இருக்கும் என்றார். பிறகு, அவள் முகத்தில் விழும் வெளிச்சத்துக்கு மீட்டர் வைத்து அளந்துகொள், பக்கவாட்டில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடி, பையனை வெளிச்சத்தை விட்டுத் தள்ளி நிறுத்து என்றார். அடுத்த வாரம் அப்படியே எடுத்தோம். அவள் கன்னத்து அம்மைத் தழும்பு வரைக்கும் தெரிந்தது, பையனும் வெளிறவில்லை.

இது விளக்கு வைக்கிற நுட்பம் மட்டும்தானே என்பீர்கள். இல்லை. 1950களில் இருந்து கலர் லேப்களுக்குக் கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி கார்டு’ என்று அதற்குப் பேர். அவர் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுத்த தோல் ஃபிலிமில் மங்குகிறது என்ற குறை பல காலமாக இருந்தது. ஆனால் அடர் பழுப்பு நிறங்களை ஃபிலிம் சரியாகப் பிடிக்க வேண்டும் என்று கோடாக்கை வேலை செய்ய வைத்தது சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் கொடுத்த புகார். இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

டெபோரா வில்லிஸ் 1970களில் பிலடெல்பியாவில் மாணவியாக இருந்தபோது, பாடப்புத்தகங்களில் கறுப்பினப் புகைப்படக்காரர்கள் எங்கே என்று கேட்டார். ஒரு பேராசிரியரோ, நீ ஒரு நல்ல ஆணின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். வில்லிஸ் விடவில்லை. நியூயார்க்கின் ஹார்லெமில் உள்ள, கறுப்பினப் பண்பாட்டுக்கான ஷோம்பர்க் ஆய்வு நூலகத்தில் பல வருஷம் படங்களைத் தேடித் தொகுத்து, 1840 முதலான கறுப்பினப் புகைப்படக்காரர்களின் வரலாற்றை 2000-இல் நூலாகவே கொண்டுவந்தார். அவரிடம் படித்த டைலர் மிட்செல்தான் 2018-இல் பாடகி பியான்சேயைப் படமெடுத்து, அமெரிக்க ‘வோக்’ ஃபேஷன் இதழின் அட்டைப்படத்தை எடுத்த முதல் கறுப்பினப் புகைப்படக்காரர் ஆனார். அந்த இதழ் தொடங்கியது 1892-இல். இந்த இடைவெளியைப் பார்த்த பிறகும் தனி மையம் எதற்கு என்று உங்களால் கேட்க முடிகிறதா?

‘இதுவும் இனவாதம்தானே’ என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: எனக்கு அரசியல் கட்சி எதுவும் கிடையாது. அவர்கள் பட்ட பாடும் நாம் பட்டதும் ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் ஊரில் என் தங்கை கல்யாண ஆல்பத்தில் அவள் முகத்தை மாவு பூசினாற்போல் வெளுத்துக் கொடுத்தார்கள். கை மட்டும் அவள் நிறத்தில் இருந்தது. அவள் அந்த ஆல்பத்தை யாருக்கும் காட்டுவதில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா கடந்துபோக முடியவில்லை.

அங்கே போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இலவசம், பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு, முன்பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள். நான் போனபோது எங்கிருந்து வருகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, என்ன படம் எடுக்கிறாய் என்றுதான் கேட்டார்கள். போகும்போது உங்கள் பிரிண்ட் நாலைந்து கையில் இருக்கட்டும், ஃபோனில் காட்டினால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.