செடி இடுப்பளவு, கிழங்கு கோலிக்குண்டு: திருகோணமலை ஊர்க்காரரின் உருளைக்கிழங்குப் பசளை கேள்வி பதில்

நிலாவெளி: அண்ணா, மணல் தரையில் நான்கு பாத்தி உருளைக்கிழங்கு. யூரியா இட்டதும் செடி இடுப்பளவு வந்துவிட்டது. கிளறினால் கோலிக்குண்டு அளவில்தான் கிழங்கு. என்ன குறை?

குறையில்லை தங்கச்சி, கூடிப்போனதுதான் பிழை. நைதரசன் மிஞ்சினால் செடி இலையைத்தான் வளர்க்கும், கிழங்கு பிடிப்பது பிந்தும். வெக்கையும் அதே வேலையைச் செய்யும். கிழங்கு நன்றாகப் பிடிக்க 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான குளிர் வேண்டும். திருகோணமலையில் மார்கழி இரவிலும் அது கிடைப்பது அரிது. ஆகவே குளிரான மலைநாட்டு வெலிமடைக்காரர் இடும் அளவை இங்கே அப்படியே இடாதீர்கள். யூரியாவில் 46 வீதம் நைதரசன். நடும்போது பாதி, மண் அணைக்கும்போது மீதி. அப்புறம் அந்தப் பையைத் தொடவே வேண்டாம். மணலில் மழை கழுவிக்கொண்டு போகும் என்பதால் மக்கிய மாட்டெருவும் சேருங்கள்.

மூதூர்: பொட்டாசியப் பசளையில் எம்ஓபி (பொட்டாசியம் குளோரைட்), எஸ்ஓபி (பொட்டாசியம் சல்பேட்), எது நல்லது?

உருளைக்கிழங்கு மண்ணிலிருந்து நைதரசனைவிடப் பொட்டாசியத்தைத்தான் கூட எடுக்கும். அது குறைந்தால் அடிபட்ட இடம் உள்ளே கறுக்கும், பொரித்தால் நிறம் கெடும். எம்ஓபியில் பொட்டாஷ் 60 வீதம், விலையும் மலிவு. ஆனால் அதிலுள்ள குளோரைட்டால் கிழங்கில் நீர் கூடி மாச்சத்து குறையும். கறிக்குப் பரவாயில்லை, பொரியலுக்கு எஸ்ஓபிதான். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், எஸ்ஓபி வாங்குங்கள். உப்புக்கு மேல் உப்பு எதற்கு?

கன்னியா: பெரிய கிழங்கை வெட்டினால் நடுவில் பொந்து. இலைக்குக் கல்சியம் அடிக்கலாமா?

அடித்தால் இலைக்குத்தான். இலையிலிருந்து கல்சியம் கிழங்குக்கு இறங்காது. கிழங்கை ஒட்டிய சிறு வேர்கள்தான் அதை எடுக்கும். அதனால் கல்சியம் உள்ள ஜிப்சத்தை, அணைக்கும் மண்ணில் கலவுங்கள். அதற்கு முன் தண்ணீரைச் சீராக்குங்கள். காயவிட்டுத் திடீரென்று ஊற்றினால் கிழங்கு ஒரேயடியாகப் பருத்து நடுவில் பிளக்கும்.

உப்புவெளி: தோல் பச்சையாவது பசளையாலா?

இல்லை, வெயில் பட்டதால். மண் அணையுங்கள். பச்சை நிறமான கிழங்கைச் சமைக்காதீர்கள்.

தம்பலகாமம்: அப்படியானால் இங்கே உருளைக்கிழங்கே வேண்டாமா, ஐயா?

ஆசைக்கு இரண்டு பாத்தி போடுங்கள், கார்த்திகைக் கடைசியில், தண்ணீர் நிற்காத மேட்டில். காசு பார்க்க என்றால் வற்றாளை (சர்க்கரைவள்ளி). அதற்கும் யூரியாவை அள்ளிக் கொட்டினால் கொடிதான் வேலி தாண்டும்.