உட்சுவர் 9 மில்லிமீட்டர் இருந்தும் கரு ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: எனக்கு வயது 34. உறைநிலையில் வைத்திருந்த கருவை இரண்டு முறை செலுத்தியும் கர்ப்பம் தங்கவில்லை. இரண்டு முறையும் ஸ்கேனில் கருப்பையின் உட்சுவர் 9 மி.மீ. இருந்தது. இப்போது உட்சுவரில் சிறிது சதை எடுத்து மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: இரண்டு முறை காத்திருந்து ஏமாந்த உங்கள் வேதனை புரிகிறது. 9 மி.மீ. நல்ல அளவுதான், ஆனால் ஸ்கேன் காட்டுவது தடிமனை மட்டுமே, உட்சுவர் கருவை ஏற்கும் நிலைக்கு வந்துவிட்டதா என்பதை அது காட்டாது.

மாதவிலக்குக்குப் பின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உட்சுவரை வளர்க்கிறது. அதோடு, பின்னால் வரப்போகும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை உணரும் ஏற்பிகளையும் செல்களில் உருவாக்கி வைக்கிறது. கருமுட்டை வெளியான பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோனின் முதல் வேலை, அந்த வளர்ச்சியை நிறுத்துவதுதான். உட்சுவரின் அடித்திசுவில் அது ‘ஹேண்ட்-2’ என்ற மரபணுவை இயக்க, மேற்பரப்புச் செல்களைப் பெருகச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகள் அடங்கிவிடுகின்றன. இந்த மரபணுவைக் கருப்பையில் நீக்கிய எலிகளில் மேற்பரப்புச் செல்கள் பெருகிக்கொண்டே இருந்தன, கரு ஒட்டவில்லை. ‘ஹாக்ஸ்-ஏ10’, ‘லிஃப்’ போன்ற மரபணுக்களும் இந்தக் கட்டத்தில்தான் முனைப்பாகச் செயல்படுகின்றன. ‘லிஃப்’ இல்லாத பெண் எலிகளில் ஒட்டாத கருக்கள், இயல்பான எலிகளின் கருப்பைக்கு மாற்றப்பட்டதும் ஒட்டி வளர்ந்தன என்று 1992-இல் வெளியான ஆய்வு காட்டியது.

28 நாள் சுழற்சியில் ஏறத்தாழ 20 முதல் 24-ஆம் நாள் வரைதான் கருவை ஏற்கும் இந்த வாசல் திறந்திருக்கும். உறைநிலைக் கருவைச் செலுத்தும்போது மாத்திரையும் ஊசியுமே இந்த வரிசையை நடத்துவதால், ஐந்தாம் நாள் கருவை, புரோஜெஸ்டிரோன் தொடங்கி ஏறத்தாழ ஐந்து முழு நாட்கள் கழித்துச் செலுத்துகிறார்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட பரிசோதனை, இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து, உட்சுவர் கருவை ஏற்கும் அந்த நாளைக் கணிக்க முயல்கிறது. கொள்கை சரிதான். ஆனால் குரோமோசோம் சோதித்த கருக்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், பரிசோதனைப்படி நேரம் மாற்றியவர்களில் 58.5 சதவீதமும் வழக்கமான நேரத்தில் செலுத்திக்கொண்டவர்களில் 61.9 சதவீதமும் குழந்தை பெற்றனர். பரிசோதனையால் கூடுதல் பலன் தெரியவில்லை. சதை எடுக்கும் மாதத்தில் கருவைச் செலுத்தவும் முடியாது. ஆகவே இதை முதலில் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கரு ஒட்டாததற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது கருவின் குரோமோசோம் குறைபாடே என்பதால், உங்கள் கருக்கள் சோதிக்கப்பட்டவையா என்று கேளுங்கள். கருப்பைக்குள் தசை வளர்ச்சியோ நாள்பட்ட அழற்சியோ, கருக்குழாயில் நீர்க்கோப்போ உண்டா என்பதையும், தைராய்டு அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை புரோஜெஸ்டிரோனின் முதல் வேளையை, மருத்துவர் சொன்ன நாளிலும் நேரத்திலும் தொடங்கிக் குறித்து வையுங்கள். ஒரு வேளை தவறினாலும் மறைக்காமல், கருவைச் செலுத்தும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.