ட்ரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எந்த மட் டயர்?

வாசகர் கேள்வி: டபுள் கேபின் பிக்கப் வைத்திருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் சுமார் 2,500 கிலோ ட்ரெய்லரை இழுக்கிறேன். பெரும்பாலும் தார் ரோடு, கடைசி சில கிலோமீட்டர் மட்டும் சேற்று வழி. போன முறை போட்ட மட் டயரில் பின்னால் இருக்கும் இரண்டும் ரம்பப் பல் மாதிரி தேய்ந்து ஒரே இரைச்சல். காற்று எப்போதும் 35 பிஎஸ்ஐ, வண்டியோடு வந்த டயருக்கு வைத்த அதே அளவுதான். சீக்கிரம் தேயாத மட் டயர் எது?

போகிற போக்கில் சொன்ன அந்த 35 பிஎஸ்ஐயில்தான் பாதி பதில் இருக்கிறது. வண்டியோடு வந்தது அநேகமாகப் பயணிகள் வண்டி வகை டயராக இருந்திருக்கும். மட் டயர்கள் பெரும்பாலும் எல்டி, அதாவது லைட் டிரக் வகை. அளவு ஒன்றுதான் என்றாலும் அதே எடையைத் தூக்க எல்டி டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். அது இல்லாமல் பின்னால் பாரம் ஏறினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும், டயர் சூடாகும், ஓரங்கள் தேயும். மட் டயரின் பெரிய ரப்பர் கட்டைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்பவை, ஒன்றையொன்று தாங்காது, அதனால் ரோட்டில் படும்போது வளைந்து விடுபடும்போது உரசுகின்றன. ஒரு விளிம்பு உயரமாகவும் மறு விளிம்பு தாழ்வாகவும் ஆகிற அந்தத் தேய்மானம் இப்படித்தான் வருகிறது. எந்தக் கம்பெனி டயர் வாங்கினாலும் இந்தக் காற்றின் அளவை மாற்றாவிட்டால் கதை அதேதான்.

ஆகவே டயர் தேடும்போது ரப்பர் கட்டைகளின் முரட்டுத் தோற்றத்துக்கு மயங்காமல் பக்கச்சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். லோட் ரேஞ்ச் என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். சி என்றால் 6 பிளை ரேட்டிங், டி என்றால் 8, இ என்றால் 10. உள்ளே உண்மையாகப் பத்து அடுக்கு கிடையாது, அது பருத்தி இழை காலத்துக் கணக்கு, இன்றைக்கு அது தாங்கும் பலத்தைத்தான் குறிக்கிறது. பக்கத்திலேயே 121/118 மாதிரி லோட் இண்டெக்ஸ் இருக்கும். 121 என்றால் ஒரு டயர் 1,450 கிலோ, 115 என்றால் 1,215 கிலோ. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் ஒரே பக்கத்தில் ஜோடி டயர் போடும் வண்டிகளுக்கு, உங்களுக்கு அது வேண்டாம்.

2,500 கிலோ ட்ரெய்லர் சரியாகப் பாரம் ஏற்றப்பட்டிருந்தால் அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 250 முதல் 375 கிலோ, உங்கள் கொக்கியின் மேல் உட்காரும். கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் அது நெம்புகோலாகி முன் சக்கரத்தின் எடையையும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும். பெட்டியில் இருக்கும் சாமான் தனிக் கணக்கு. ஊகிக்காமல் ட்ரெய்லரை மாட்டியபடியே எடை மேடையில் பின் அச்சை மட்டும் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். அந்த எடையைச் சுமக்க எவ்வளவு பிஎஸ்ஐ என்று டயர் கம்பெனியின் லோட் அட்டவணையில் இருக்கும், அதை வைத்துக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றடியுங்கள். பக்கச்சுவரில் 80 பிஎஸ்ஐ என்று இருக்கிறதே என்று காலி வண்டிக்கும் 80 அடித்தால் நடுப்பகுதி தேயும், குலுக்கலும் தாங்காது. சேற்றில் இறங்கக் காற்றைக் குறைத்தீர்களா? சரி, ஆனால் தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் திரும்ப அடித்தே ஆக வேண்டும். கம்ப்ரெஸர் இல்லாவிட்டால் குறைக்கவே குறைக்காதீர்கள்.

இனி நேரடியாகச் சொல்கிறேன். கடைசி சில கிலோமீட்டர் சேற்றுக்காக முழு மட் டயர் போடுவது உங்களுக்கு நஷ்டம். தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்குமான ஆல் டெரெய்னுக்கும் மட் டயருக்கும் நடுவில் ஆர்/டி, அதாவது ரக்கட் டெரெய்ன் என்று ஒரு வகை இருக்கிறது, டோயோ ஓப்பன் கன்ட்ரி ஆர்/டி, நிட்டோ ரிட்ஜ் கிராப்ளர் மாதிரி. ரப்பர் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி குறைவு என்பதால் பாரத்தில் நெளிவது குறையும், ட்ரெய்லர் ஆடுவதும் அடங்கும், மழையில் பிரேக்கும் நம்பிக்கையாகப் பிடிக்கும். முழங்கால் சேறு அடிக்கடி வருகிறது, ஆர்/டி போதாது என்றால் மட்டும் பிஎஃப்குட்ரிச் கேஎம்3, டோயோ ஓப்பன் கன்ட்ரி எம்/டி போன்றவற்றுக்குப் போங்கள். எதை எடுத்தாலும் உங்கள் அளவில் லோட் ரேஞ்ச் என்ன என்று கேளுங்கள், ஒரே மாடல் ஓர் அளவில் சி, இன்னோர் அளவில் இ என்று வரும்.

பெரிய அளவுக்குத் தாவ வேண்டாம். 265/70 ஆர்17ஐ 285/70 ஆர்17 ஆக்கினால் சுற்றளவு மூன்றரை சதவீதம் கூடும், இன்ஜின் இழுவைக்கு அதே அளவு சிரமம், ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். மேட்டில் ட்ரெய்லரோடு ஏறும்போது இது நன்றாகவே தெரியும்.

அப்புறம், சுமார் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள், இழுவை அதிகமென்றால் இன்னும் சீக்கிரம். ஸ்டெப்னியும் அதே டயர் என்றால் அதையும் சுழற்சியில் சேர்க்கலாம். வாங்கும்போது பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் டாட் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள், 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. கடையிலேயே பழசான டயரை வாங்காதீர்கள்.

ட்ரெய்லருக்கும் அதே டயர் போட்டுவிடலாமா என்று நினைக்க வேண்டாம், அதற்கு எஸ்டி, அதாவது ட்ரெய்லருக்கென்றே செய்த தனி வகை உண்டு. அதிலும் காற்றையும் தேதியையும் இப்போதே பாருங்கள், ஏனென்றால் பிக்கப்பில் எவ்வளவு நல்ல டயர் இருந்தாலும் ட்ரெய்லர் டயர் வெடித்தால் வண்டியையே இழுத்துத் திருப்பிவிடும்.