போட்டி வந்ததால்தான் போன் கட்டணம் குறைந்ததா? பூத் நடத்தியவனின் பதில்

கேள்வி: "தனியாருக்குத் திறந்துவிட்டதால்தானே செல்போன் கட்டணம் இவ்வளவு குறைந்தது? நடுவில் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாம் எதற்கு?"

கேட்டவர் ஏதோ தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். எஸ்.டி.டி. பூத்துக்குள் (காசு கொடுத்து வெளியூருக்குப் பேசும் கடை) நின்று, சிவப்பு எழுத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசிய அனுபவம் இருந்திருக்க வாய்ப்பில்லை. நான் கீழக்கரையில் அப்படி ஒரு பூத் நடத்தினேன். சந்தையைத் திறந்துவிட்டதில் என் பிழைப்பு போனது. அதனால் 'கடை போன வயிற்றெரிச்சலில் எழுதுகிறான்' என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். திறந்தது நல்லது என்றுதான் நானும் சொல்லப்போகிறேன். ஆனால் வெறுமனே திறந்ததால் கட்டணம் குறையவில்லை.

1994-இல் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. 1995 ஜூலை 31-இல் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுக்கு முதல் செல்போன் அழைப்பைப் போட்டார். கதவு திறந்தாகிவிட்டதா? திறந்தாகிவிட்டது. நாட்டைச் சேவை வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு இரண்டே இரண்டு நிறுவனத்தைத்தான் உள்ளே விட்டார்கள். நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை போனது. நமக்கு வரும் அழைப்பை எடுத்தாலும் நம் காசுதான். போதாததற்கு, விதி போடுவது, உரிமம் கொடுப்பது, லேண்ட்லைன் நடத்துவது மூன்றும் ஒரே தொலைத்தொடர்புத் துறை. போட்டிக்கு வருகிறவன் தன் போட்டியாளரிடமே போய் 'உங்கள் லைனோடு என் லைனைச் சேர்த்துவிடுங்கள்' என்று கேட்டு நிற்க வேண்டும். ஏலத்தில் கண்ணை மூடிக்கொண்டு பெரிய தொகை கேட்ட நிறுவனங்களோ உரிமக் கட்டணம் கட்ட முடியாமல் விழி பிதுங்கின.

அந்த நாட்களில் என் பூத்தில் கூட்டம் தாங்காது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு சபுராளியாவது, அதாவது வெளிநாட்டில் வேலை செய்கிறவராவது, இருப்பார். துபாய், ஜித்தா, தம்மாம். இரவு ஏற ஏறக் கட்டணம் பாதி, கால் என்று இறங்கும் என்பதால் சென்னைக்குப் பேசுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் நேரம் சொல்லிவைத்து என் கடை நம்பருக்கே கூப்பிடுவார்கள். நான் பையனை அனுப்பி, "லாத்தா (அக்கா), மச்சானிடமிருந்து போன்" என்று சொல்லவைப்பேன். வெள்ளிக்கிழமை பெஞ்சில் இடம் இருக்காது. பக்கத்துத் தெருக்காரர்கள் என்னை 'பூத் காக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்; எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். 1997-இல் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. 1999-இல் புதிய கொள்கை: மொத்தமாக உரிமக் கட்டணம் கட்ட வேண்டாம், வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதும். 2000-இல் தகராறு தீர்க்கத் தனித் தீர்ப்பாயம். அதே ஆண்டு அக்டோபரில் அரசு சேவையைத் துறையிலிருந்து பிரித்து பி.எஸ்.என்.எல். ஆக்கினார்கள், நடுவரையும் ஆட்டக்காரரையும் பிரித்தது அப்போதுதான். தொலைதூர அழைப்பில் தனியாரை விட்ட பிறகு, 2002 தொடக்கத்தில் அதன் கட்டணம் பாதிக்கும் கீழே விழுந்தது. ஏப்ரலில் வி.எஸ்.என்.எல். என்ற நிறுவனத்தின் வெளிநாட்டு அழைப்பு ஏகபோகமும் முடிந்தது. 2003 மே மாதம் 'கூப்பிடுகிறவர்தான் காசு கட்ட வேண்டும்' என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 1999-லேயே ஆணையம் இதற்கு முயன்றது, நீதிமன்றத்தில் நிற்கவில்லை. என்னைக் கேட்டால் இந்தியாவில் செல்போன் பிறந்தது 1995-இல் இல்லை, இந்த மே மாதத்தில். மீன் ஏலக் கூடத்தில் நிற்கிற ஆள், காசு செலவாகாமல் 'ஹலோ' சொல்லலாம் என்று ஆனது அன்றுதான்.

நான் சொல்வது சரிதானா என்று பார்க்க எங்கள் ஊரிலேயே ஒரு சோதனை நடந்தது. இங்கே கட்டணம் விழுந்தது, வளைகுடாவில் விழவில்லை. அமீரகத்தில் இரண்டாவது நிறுவனம் சேவை தொடங்கியதே 2007-இல்தான், சவூதியில் 2005. அதே கடல், அதே கேபிள், அதே புருஷன் பெண்டாட்டி. ஆனால் அவர் அங்கிருந்து கூப்பிட்டால் விலை அதிகம், இவர் இங்கிருந்து கூப்பிட்டால் குறைவு. அதனால் அவர் மிஸ்டு கால் கொடுப்பார், இவர் என் கடைக்கு வந்து திரும்பக் கூப்பிடுவார். தொழில்நுட்பம் வளர்ந்ததால் தானாகவே குறைந்திருக்கும் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.    

அந்த மிஸ்டு கால் காலத்தில்தான் எனக்குக் கடன் நோட்டு தடித்தது. "காக்கா, பேங்க் டிராஃப்ட் வந்ததும் தருகிறேன்" என்பார்கள். மாதக் கடைசியில் பில்லை நான் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் லைனைத் துண்டித்துவிடுவார்கள். வீட்டுக்கு வீடு செல்போன் வந்ததும் அந்த முகங்கள் என் கடை இருக்கிற தெருவில் நடப்பதையே நிறுத்திவிட்டன. ஒரு வீட்டுக்காரர் இரண்டு மாடி எழுப்பி, தரையெல்லாம் சலவைக்கல் போட்டார். திறப்பு விழா பிரியாணிக்கு எனக்கும் அழைப்பு வந்தது, பாக்கி மட்டும் வரவில்லை. இதைப் படித்தால் அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன்: இப்போது ஜிபே இருக்கிறது, நேரில் வந்து கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். 1999 கொள்கையின் இலக்கு, 2010-க்குள் நூறு பேருக்கு 15 போன். 2010 மார்ச்சில் 52 ஆகிவிட்டது. ஆனால் பிரித்துப் பாருங்கள்: நகரத்தில் நூறைத் தாண்டியபோது கிராமத்தில் 24. போட்டி என்பது கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் போகும். அதற்காகத்தான் நிறுவனங்களின் வருமானத்தில் 5 சதவீதம் எடுத்து ஊரகச் சேவைக்கென ஒரு நிதி வைத்தார்கள். இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அதில் பெரும்பகுதி பல ஆண்டுகள் செலவாகாமலே கிடந்தது. எங்கள் கடலோரக் குப்பங்களில் ஓலைக் கொட்டகையை விட்டு வெளியே வந்தால்தான் சிக்னல் என்கிற நிலை பல ஆண்டு இருந்தது. இதைச் சொன்னால் 'எல்லாவற்றையும் அரசே நடத்த வேண்டும் என்கிறாயா' என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. அரசே நடத்திய காலத்தில் லேண்ட்லைன் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்று உங்கள் வாப்பாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள்.

ஆணையம் எதற்கு என்பதற்குக் கடைசியாக ஒன்று. 2018-இல் எங்கள் பகுதியில் பாதிப்பேர் வைத்திருந்த ஒரு நிறுவனம் திடீரென்று படுத்துவிட்டது. என் நம்பரும் அதுதான். வங்கி, கேஸ், வெளிநாட்டில் இருக்கிற மகன் எல்லோரிடமும் அந்த நம்பர்தான் இருந்தது. அதே நம்பரோடு வேறு நிறுவனத்துக்கு மாற 1900-க்கு 'போர்ட்' எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும், அதற்குக்கூடச் சிக்னல் இல்லை. அடுத்த வீட்டு மாடி, பள்ளிவாசல் பக்கத்துத் திட்டு என்று கையை உயர்த்திக்கொண்டு ஊரே அலைந்தது. ஒருவழியாக மாறுவதற்கான குறியீட்டு எண் வந்து, வேறு நிறுவனத்துக்குப் போனேன். நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் அந்த வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரியில். வாடிக்கையாளர் கைவிட்டுப் போக வழி செய்கிற ஒரு வசதியை எந்த நிறுவனமும் ஆசைப்பட்டுக் கொடுத்திருக்காது. விதி போட்டு வாங்கித் தந்தார்கள்.