மருத்துவர் பதில்: வெளியே புகை, உள்ளே வெக்கை

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

முதலில் உங்கள் மகன். ஐந்து வயது, இதற்கு முன் வீசிங் வந்ததில்லை, முந்திரித் தோப்பில் சருகு பற்றி நாலு நாளாகப் புகைகிறது, காலையில் மூக்கைச் சிந்தினால் கருப்பாக வருகிறது, நுரையீரல் கெட்டுப்போகுமா, பின்னால் கேன்சர் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் இருக்கும் ஒன்பது கேள்விகளையும் பிழிந்தால் இது ஒன்றுதான் மிஞ்சுகிறது. நாலு நாள் புகைக்குக் கேன்சர் வராது. கருப்புச் சளி வருகிறதென்றால் மூக்கு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, புகை அடங்கிய சில நாளில் அதுவும் நின்றுவிடும். பிள்ளை ஓடியாடுகிறான், சாப்பிடுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது விலா உள்ளே குழிந்தாலோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இல்லையா, புகை அதிகமுள்ள நேரத்தில் வெளியே விளையாட விடாதீர்கள், அவ்வளவுதான்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு ஒரு வரி. ஏழாவது கேள்விக்கும் எட்டாவது கேள்விக்கும் நடுவில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "அத்தை நேத்து மத்தியானம் கொஞ்சம் உளறினாங்க, என்னையே யாருன்னு கேட்டாங்க, தூக்கக் கலக்கம்னு விட்டுட்டோம், சாயங்காலம் சரியாயிட்டாங்க."

அத்தைக்கு, அதாவது உங்கள் மாமியாருக்கு, 69 வயது, பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார், சிமெண்ட் சீட் போட்ட வீடு, மாதம் மே. கலிபோர்னியாவில் இருக்கும் உங்கள் நாத்தனார் அனுப்பிய வீடியோவைப் பார்த்து மூன்று நாளாகக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து, இடுக்கில் துணி வேறு செருகி வைத்திருக்கிறீர்கள். இத்தனையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியைப் படித்துப் பாருங்கள்.

நாத்தனாரைக் குறை சொல்லவில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் காடும் வீடும் சேர்ந்து எரிந்தபோது அந்த ஊர்க்காரர்கள் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தது சரிதான். அங்கே அது குளிர்காலம். 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீயின் புகை வந்து நியூயார்க் வானமே ஆரஞ்சு நிறமானபோதும் அதையேதான் சொன்னார்கள், ஏசி இருந்தால் வெளிக்காற்றை இழுக்காமல் ஓட்டுங்கள் என்றார்கள். ஆனால் அமெரிக்கச் சுகாதாரத் துறையே இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறது: ஏசி இல்லாமல் அடைத்த வீட்டுக்குள் இருக்க முடியாத சூடு என்றால் அங்கே இருக்காதீர்கள், குளிர்ந்த வேறு இடத்துக்குப் போங்கள். வீடியோ போடுகிறவருக்கு இந்த இடத்தில் நேரம் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. கத்திரி வெயிலில் அடைத்துக் கிடக்கும் சீட் வீடு மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே இருப்பதைவிடச் சூடாக இருக்கும், அதற்குள் 69 வயதுப் பெண்மணி படுத்திருக்கிறார்.

வெக்கையில் இருக்கும் ஒருவர் உளறினால், ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால், நடை தள்ளாடினால், அதைத் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெப்பம் மூளையைத் தொட்டுவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பின் உள்சூடு 104 டிகிரியைத் தாண்டி அறிவும் தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக், உயிர் போகும் நோய். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்கிறார்கள், வயதானவர்களுக்கு வீட்டுக்குள் கட்டிலில் படுத்தபடியே வரும், வியர்வைகூட இல்லாமல் தோல் காய்ந்து கொதிக்கும். தலைவலி, களைப்பு, குமட்டல் என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு என்று பார்த்துக்கொள்ளலாம். பேச்சு குழம்பியதும் வீட்டு வைத்தியத்துக்கு இடம் கிடையாது.

மறுபடி அப்படி ஆனால், கேளுங்கள், முதலில் 108க்கு ஒருவர் போன் போடட்டும், இன்னொருவர் அதே நிமிடத்தில் தண்ணீரை எடுத்து ஊற்ற ஆரம்பிக்கட்டும். தலையோடு கால் நனையுங்கள், புடவை நனைந்தால் நனையட்டும், ஃபேனைப் பக்கத்தில் திருப்புங்கள், ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது. நேராக ஜிப்மருக்கே போய்விடலாம் என்று கார் பிடித்து, உலர்ந்த உடம்போடு புதுச்சேரி வரை கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள், நம் பக்கத்தில் எதற்கும் ஜிப்மர்தான். வழியில் போகும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மூளை வேகிறது. முதல் அரைமணிக்குள் குளிர வைப்பதுதான் வைத்தியம், வண்டி வரும்வரையிலும் வண்டிக்குள்ளும் அதை நிறுத்தக் கூடாது.

அடுத்தது என்னைக் கோபப்படுத்திய விஷயம். தொண்டை கரகரப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை மூன்று நாளாக அத்தைக்குக் காலையும் இரவும் கொடுத்திருக்கிறீர்கள். புகையில் வரும் கரகரப்பு சளியே இல்லை. அந்த மாதிரிக் கலவை மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் குளோர்ஃபெனிரமின் என்ற அலர்ஜி மருந்து இருக்கும், அது தூக்கத்தைக் கொடுக்கும், வியர்வையைக் குறைக்கும், வயதானவர்களுக்குத் தனியாகவே மனக்குழப்பம் உண்டாக்கும். கூடவே மூக்கடைப்புக்குச் சேர்க்கும் மருந்து பிரஷரை ஏற்றும். ஒரு பக்கம் நீர் மாத்திரை உடம்புத் தண்ணீரை இறக்குகிறது, இன்னொரு பக்கம் இது வியர்க்க விடாமல் தடுக்கிறது, நடுவில் அடைத்த வீடு. இன்றோடு அதை நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் மட்டும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், அதை எழுதிக்கொடுத்த டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

சரி, புகைக்கு என்னதான் செய்வது? காற்றைப் பாருங்கள். எரிகிற தோப்பு வீட்டுக்கு மேற்கே என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்துப் போகும், விடியற்காலையில் அது அடங்கி, புகை தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அந்த நேரத்துக்கு ஜன்னலைச் சாத்துங்கள், அத்தையின் ஐந்து மணி நடையையும் தள்ளிப்போடுங்கள். கடலூரில் மத்தியானமே வந்துவிடுகிற கடல் காற்று உங்கள் ஊரை எட்ட மூன்று நாலு மணி ஆகலாம், மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் வராமலே போகும். வந்தால் புகை மேற்கே திரும்பிவிடும், அப்போது எல்லாவற்றையும் விரியத் திறந்துவிடுங்கள். நடுப்பகலில் புகையும் இருக்கிறது, காற்றும் வரவில்லை என்றால் புகை வந்தாலும் பரவாயில்லை, திறந்துதான் வைக்க வேண்டும். இந்த வீட்டில் அத்தையின் உயிருக்கு வெக்கைதான் பெரிய ஆபத்து. சீட்டின் மேல் கீற்று போடுங்கள் என்று வழக்கமாகச் சொல்வேன், பக்கத்தில் பொறி பறக்கும்போது சொல்ல மாட்டேன், ஈரச் சாக்கு போடுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, தேவனாம்பட்டினத்தில் உங்கள் அம்மா வீடு ஓட்டு வீடு, காற்றோட்டமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, புகை அடங்கும்வரை அத்தையையும் பிள்ளையையும் அங்கே விடுங்கள். சம்பந்தி வீட்டில் போய் உட்காருவதா என்று அத்தை முறுக்கிக்கொள்வார்தான். டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள்.

மிச்சக் கேள்விகள். வெல்லம் நுரையீரலைக் கழுவாது, பிடித்தால் சாப்பிடுங்கள். இந்த வெயிலில் ஆவி பிடிப்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை, பிள்ளை மேல் வெந்நீர் கொட்டாமல் இருந்தால் சரி. ஈரக் கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது, என்95 மாஸ்க் தடுக்கும், ஆனால் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். ஐந்து வயது முகத்துக்கு அது சரியாக உட்காராது, வெக்கையில் தவிக்கிற அத்தைக்கும் கட்டிவிட வேண்டாம், வெளியே போய்வரும் உங்கள் கணவர் போட்டுக்கொள்ளட்டும். தவணையில் ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்றால், இந்த நாலு நாள் புகைக்காக வேண்டாம்.

கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கதவெல்லாம் அடைத்த பிறகு கொசு தாங்காமல் உள்ளே இரண்டு கொசுவர்த்திச் சுருள், புகை வாடை போகச் சாயங்காலம் சாம்பிராணி. ஒரு சுருள் முழுதாக எரிந்தால் குறைந்தது 75 சிகரெட் எரிந்த அளவு நுண்துகள் வருகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். பையனின் மூக்குக் கருப்பில் பாதி தோப்பிலிருந்து வந்ததா உங்கள் ஹாலிலிருந்து வந்ததா என்று எனக்குச் சந்தேகம். கொசுவலை கட்டுங்கள்.

அப்புறம், சாயங்காலம் சரியாகிவிட்டார் என்பதால் அத்தை விஷயம் முடிந்துவிடவில்லை. நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கும் உப்பு, இறங்கினாலும் இப்படித்தான் உளறுவார், சிறிய பக்கவாதம் வந்துபோனாலும் இப்படி இருக்கலாம். இதைப் படித்த கையோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், பிரஷர், சர்க்கரை, சோடியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், அந்தச் சளி மாத்திரை அட்டையையும் சேர்த்து.