செவ்வியல் காதல் நாவல்கள் சின்னத்திரையில்: நடிகர் தேர்வும் நடிப்பும் – கேள்வி பதில்

ஜேன் ஆஸ்டின், சார்லட் பிராண்டி முதலானோரின் நாவல்களைத் தழுவிப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனங்கள் எடுத்த தொடர்களில் யார் பொருந்தி நடித்தார், யார் பொருந்தவில்லை என்பது குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தீர்ப்புகள் எல்லாம் என்னுடையவை. மறுப்பவர்களோடு எனக்குப் பகை இல்லை.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): நாவலாசிரியர் வர்ணித்த தோற்றம் நடிகருக்கு அமையவில்லை என்றால் அந்தத் தேர்வு தவறுதானே? வேறு எதைக் கொண்டு மதிப்பிடுவது?

பதில்: தோற்றத்தை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன். இந்த நாவல்களில் பாதி வேலையைச் செய்வது கதை சொல்லும் குரல். எம்மா தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதை, அவளுடைய எண்ணத்துக்குள்ளேயே புகுந்துகொண்டு, அவளுக்குத் தெரியாமல் நம்மிடம் கண்சிமிட்டியபடி ஆஸ்டின் சொல்லிச் செல்கிறார். அந்த எள்ளல் உரையாடல்களில் இல்லை. காமிரா உள்ளே வந்ததும் அது வெளியேறிவிடுகிறது. அது செய்துவந்த வேலையை யாராவது ஒருவர் தலையில் சுமந்தாக வேண்டும், அந்தச் சுமை பெரும்பாலும் நடிகர் மீதுதான் விழுகிறது. ஆகவே வசனம் பேசும் நடிகரை விட, பிறர் பேசும்போது கேட்டுக்கொண்டு நிற்கும் நடிகரைத்தான் நான் கவனிக்கிறேன்.

2009ஆம் ஆண்டின் 'எம்மா'வில் ரோமோலா கராய் கண்களை விரித்து, முகத்தை ஓயாமல் அசைக்கிறார் என்று பலர் குறைப்பட்டார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஓர் எண்ணம் தோன்றியவுடனே, அது சரியா என்று யோசிக்கும் முன்பே, அதை நம்பிவிடுகிற பெண் எம்மா. அந்த அவசரம் கராயின் முகத்தில் இருக்கிறது.

கேள்வி (கோவை வாசகர்): ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாயகன் டார்சி என்றால் எல்லோரும் காலின் ஃபர்த்தையே சொல்கிறார்கள். 1980இல் நடித்த டேவிட் ரிந்தூல் நாவலுக்கு இன்னும் நெருக்கமானவர் என்பது என் கருத்து. தாங்கள் ஏற்பீர்களா?

பதில்: பாதி ஏற்பேன். 1980ஆம் ஆண்டுத் தொடரின் திரைக்கதையை எழுதியவர் ஃபே வெல்டன். அதில் ரிந்தூல், 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் முதற்பாதியில் மெரிட்டன் ஊரார் காணும் டார்சியை அப்படியே நிறுத்துகிறார்: நிமிர்ந்த முதுகு, அசையாத தாடை, யாரையும் சட்டை செய்யாத பார்வை. ஊரார் கண்ணுக்கு அவன் அப்படித்தான் தெரிந்திருப்பான். ஆனால் பிற்பாதியில் அந்த முதுகு வளைய வேண்டும், ரிந்தூலிடம் அது வளைவதாக எனக்குத் தெரியவில்லை.

ஃபர்த்துக்கு ஒரு பெரிய துணை கிடைத்தது. 1995ஆம் ஆண்டுத் தொடருக்குத் திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ், நாவலில் நாயகி எலிசபெத்தின் கண் படாத டார்சியையும் நமக்குக் காட்டினார். அவன் வாள் பயில்கிறான், குளிக்கிறான், இரவு விழித்துக் கடிதம் எழுதுகிறான். ஏரியில் குதிக்கும் காட்சி நாவலில் இல்லவே இல்லை என்பது இப்போது ஊரறிந்த செய்தி. எனவே அந்த நடிப்பைப் புகழும்போது, எவ்வளவு நடிகருடையது, எவ்வளவு திரைக்கதை அள்ளிக் கொடுத்தது என்று பிரித்துப் பார்ப்பதே நியாயம்.

அப்படிப் பிரித்த பிறகும் ஃபர்த்திடம் மிஞ்சுவது ஒரு காட்சி. பெம்பர்லி மாளிகையில் மாலை வேளை. டார்சியின் தங்கை ஜார்ஜியானா பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். டார்சியை மணக்க ஆசைப்படும் கரோலின் பிங்லி, முன்பு அந்தத் தங்கையை ஏமாற்றி அழைத்துச் செல்லப் பார்த்த விக்கமின் பெயரைக் குத்தலாக எடுத்துவிட, தங்கை தடுமாறுகிறாள். எலிசபெத் எழுந்து சென்று, தாளைப் புரட்ட ஆளில்லாமல் உன்னை விட்டுவிட்டேனே என்பதுபோல் பேசி, அவளைக் காப்பாற்றிவிடுகிறாள். அதன்பின் டார்சியும் எலிசபெத்தும் ஒருவரையொருவர் பார்க்கும் அந்தச் சில நொடிகளில் வசனமே கிடையாது. நன்றி, வியப்பு, இவள்முன் தான் எவ்வளவு சிறியவனாக நடந்துகொண்டோம் என்ற உணர்வு, எல்லாம் அந்தப் பார்வையில் இருக்கின்றன. நாவலில் விக்கம் பற்றிய பேச்சு மறுநாள் காலைச் சந்திப்பில், வேறு விதமாக வருகிறது. ஆனால் அங்கே ஆஸ்டின் ஒரு பத்தியில் செய்வதை இங்கே இரண்டு முகங்கள் செய்து முடிக்கின்றன. எலிசபெத்தாக நடித்த ஜெனிபர் ஈலியின் பங்கையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தத் தொடரில் சிறந்த நடிப்பு யாருடையது என்று கேட்டால், நான் ஃபர்த்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஈலியின் பெயரைத்தான் சொல்வேன். சிறந்த நடிகைக்கான பாஃப்டா விருதும் அவருக்கே கிடைத்தது.

கேள்வி (சேலம் வாசகி): அதே தொடரில் 15 வயது லிடியாவாக நடித்த ஜூலியா சவாலா, அக்காவாக நடித்த ஈலியை விட வயதில் மூத்தவராமே?

பதில்: ஆம், ஒரு வயதுக்கு மேல் மூத்தவர். திரையில் அது உறுத்தாததற்குக் காரணம், லிடியாவின் சிறுபிள்ளைத்தனத்தை அவர் முகத்தில் தேடாமல் உடலில் தேடியதுதான். ஓரிடத்தில் நிற்காமல், நாற்காலியில் ஒழுங்காக உட்காராமல், வாய் மூடாமல் திரிகிறார்.

வயதுக் கணக்கில் எனக்கு மனக்குறை வேறிடத்தில். பாதிரியார் காலின்ஸ் நாவலில் 25 வயது இளைஞன், உயரமானவன், கனத்த தோற்றமுள்ளவன். 1995இல் அந்த வேடத்தை ஏற்ற டேவிட் பாம்பருக்கு அப்போது 40 வயது. அவர் நம்மை நன்றாகச் சிரிக்க வைக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் எலிசபெத்தின் தோழியான 27 வயது சார்லட் லூக்கஸ் அவனை மணக்கச் சம்மதிக்கும்போது, நாவலில் நமக்கு வரும் வருத்தம் வேறு, தொடரில் வரும் வருத்தம் வேறு. நாவலில் அவள் தன் வயதொத்த ஒரு மூடனோடு நீண்ட ஆயுளைக் கழிக்கத் துணிகிறாள். தொடரில் வழுக்கை விழத் தொடங்கிய ஒருவருக்கு வாழ்க்கைப்படுகிறாள் என்று நம் இரக்கம் எளிதாகிவிடுகிறது.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் கர்னல் பிராண்டனுக்கு நேர்வதும் இதுவே. அவருக்கு வயது 35ஐ ஒட்டித்தான். அவர் விரும்பும் மாரியானுக்கு 17 வயதுகூட நிரம்பாததால் அவள் கண்ணுக்கு அவர் கிழவராகத் தெரிகிறார். அவர் ஃபிளானல் உள்சட்டை பற்றிப் பேசியதையே மூட்டுவலிக்கும் முதுமைக்கும் அடையாளமாக அவள் எடுத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் ஆஸ்டின் சிரிப்பது மாரியானைப் பார்த்து. 2008ஆம் ஆண்டுத் தொடரில் நடித்த டேவிட் மாரிசி நாற்பதைக் கடந்தவர். அதே நாவலைத் தழுவித் தமிழில் 2000ஆம் ஆண்டில் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் அந்த இடத்தில் மம்மூட்டி இருந்தார், அவருக்கும் நாற்பதுக்கு மேல். இருவருமே நல்ல நடிகர்கள், இருவருமே கண்ணியத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் உண்மையிலேயே மூத்தவர் ஒருவரை நிறுத்தியதும் மாரியான் சொல்வது சரியென்று ஆகிவிடுகிறது, ஆஸ்டினின் நகைச்சுவை தீர்ந்துபோகிறது.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): 'ஜேன் ஐர்' நாவலில் ரோச்செஸ்டர் அழகன் அல்லன். திமதி டால்டன் போன்ற பேரழகரை அந்த வேடத்தில் போட்டது அபத்தம் இல்லையா?

பதில்: ஓர் இடத்தில் அபத்தமேதான். 'நான் அழகாக இருப்பதாக நினைக்கிறாயா' என்று ரோச்செஸ்டர் கேட்க, ஜேன் யோசியாமல் 'இல்லை ஐயா' என்கிறாள். 1983ஆம் ஆண்டுத் தொடரில் ஜீலா கிளார்க் அதை டால்டனின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது, அவளுக்குப் பார்வைக் கோளாறோ என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்தத் தொடர் பதினொரு பகுதிகள் கொண்டது. பிராண்டியின் நீண்ட உரையாடல்களைப் பெரிதும் வெட்டாமல் வைத்திருக்கிறது. அந்த உரையாடல்களைப் பேசுவது எளிதன்று. ஒரே மூச்சில் கிண்டல், அதட்டல், கெஞ்சல் மூன்றும் வரும். டால்டன் அவற்றை அப்போதுதான் தன் மனத்தில் உதித்தவைபோல் பேசுகிறார். அழகால் இழந்ததை நாவன்மையால் மீட்டுவிட்டார் என்பேன். 2006ஆம் ஆண்டுத் தொடரில் டோபி ஸ்டீபன்சுக்கு அந்த வாய்ப்பே இல்லை; நான்கு பகுதிகள்தான், வசனங்களும் இக்காலப் பேச்சுக்கு நெருக்கமாக மாற்றப்பட்டவை. அங்கே தொடரைத் தாங்குபவர் ரூத் வில்சன். சட்டென்று எளியவளாகவும் சட்டென்று வசீகரமானவளாகவும் தெரியும் முகம் அவருக்கு. தன்மையில் கதை சொல்லும் ஜேனின் உள்மனம் அந்த முகத்தில் கசிந்துகொண்டே இருக்கிறது. திருமணம் நின்றுபோன பிறகு இருவரும் படுக்கையில் படுத்தபடி முத்தமிட்டுப் பேசுவதாக அத்தொடர் காட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நாவலில் அந்த வேளையில் ஜேனுடைய உறுதிதான் எல்லாம். அங்கே பிழை திரைக்கதையுடையது, வில்சனுடையதன்று.

கேள்வி (மதுரை வாசகி): ஒரே நடிகர் இரண்டு நாவல் நாயகர்களாக நடித்ததுண்டா? எதில் பொருந்தினார்?

பதில்: இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு கீரன் ஹைண்ட்ஸ். 1995இல் பிபிசி தயாரித்த 'பெர்சுவேஷன்' தொலைக்காட்சிப் படத்தில் கேப்டன் வென்ட்வொர்த்தாகவும், 1997இல் வந்த 'ஜேன் ஐர்' தொலைக்காட்சிப் படத்தில் ரோச்செஸ்டராகவும் நடித்தார். ரோச்செஸ்டராக அவர் போடும் கூச்சல் எனக்குத் தலைவலியைத்தான் தந்தது. அப்போது இருபதைத் தொட்டிராத சமந்தா மார்ட்டன், எதிரே நின்று அமைதியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர்தான் ஜேனின் 18 வயதுக்கு உண்மையிலேயே நெருங்கியவர். அதே ஹைண்ட்ஸ் வென்ட்வொர்த்தாக வரும்போது கோபத்தை விழுங்கி வைத்திருக்கிறார். நாவலில் அந்த மனிதர் எட்டு ஆண்டுகளுக்கு முன் தன்னை மறுத்த ஆன் எலியட்டை மன்னிக்க மறுத்துக்கொண்டு, அவளைக் கவனிக்காமலும் இருக்க முடியாமல் தவிப்பவர். ஹைண்ட்ஸ் பிறரிடம் கலகலப்பாகப் பேசும்போதெல்லாம், அந்தப் பேச்சு அறையின் மறுமூலையில் இருப்பவள் காதில் விழவேண்டும் என்பதற்காகவே பேசப்படுவது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆன் எலியட்டாக அமாண்டா ரூட் நடித்ததை இந்த வகைத் தொடர்கள் அனைத்திலும் முதலாவதாக வைப்பேன். 27 வயதிலேயே பொலிவு போய்விட்டவள் என்று நாவல் சொல்கிறது. ரூட் அதை ஒப்பனையில்லாத முகத்தோடு ஏற்கிறார். பிரிந்த பின் இருவரும் முதன்முதலாகச் சந்திக்கும் இடத்தை ஆஸ்டின் சில வரிகளில் முடித்துவிடுகிறார்: பாதி சந்தித்த கண்கள், ஒரு வணக்கம், மனிதர்களும் குரல்களும் நிறைந்ததாகத் தோன்றும் அறை, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதை எப்படி நடிப்பது? காமிரா அவருடைய கையைக் காட்டுகிறது; அந்தக் கை நாற்காலியின் முதுகை இறுகப் பற்றியிருக்கிறது. அவ்வளவுதான்.

2007ஆம் ஆண்டின் 'பெர்சுவேஷ'னில் சாலி ஹாக்கின்ஸ் காமிராவை நேரே பார்க்கிறார், நாட்குறிப்பு எழுதுகிறார், முடிவில் பாத் நகரத் தெருக்களில் ஓடுகிறார். ஹாக்கின்ஸ் திறமை குறைந்தவர் அல்லர். கதைசொல்லியின் குரலை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று இயக்கம் பதறியதன் விளைவு அது. பதற்றத்துக்கும் ஆன் எலியட்டுக்கும் வெகுதூரம்.

கேள்வி (சென்னை வாசகர்): 1995ஆம் ஆண்டின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் எலிசபெத்தின் தாயாக, அலிசன் ஸ்டெட்மன் நடித்த திருமதி பென்னட் காது கிழியக் கத்துகிறாரே?

பதில்: கத்துகிறார், கொஞ்சம் அதிகமாகவே. இருந்தாலும் வீடும் நிலமும் ஆண்வாரிசான காலின்சுக்குப் போகவிருக்க, ஐந்து பெண்களைக் கரையேற்ற வேண்டிய தாயின் பயம் அந்தக் கத்தலுக்குள் இருக்கிறது. பென்ஜமின் விட்ரோ நடித்த திரு. பென்னட்தான் எனக்குச் சிக்கல். அவரை இவ்வளவு இனியவராக ஆக்கியதில், அவர் பொறுப்பைத் தட்டிக்கழித்தவர் என்று நாவல் வைக்கும் கண்டனம் மங்கிப்போகிறது.

கேள்வி (புதுச்சேரி வாசகி): வெள்ளையர் அல்லாத நடிகர்களை இந்தக் கதைகளில் நடிக்க வைப்பது வரலாற்றுக்கு மாறானது என்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்பவர்கள் நாவல்களை மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும். ஆஸ்டின் 1817இல் முடிக்காமல் விட்ட 'சாண்டிடன்' கதையில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த, கலப்பினத்தவளான பணக்கார இளம்பெண் மிஸ் லாம் இருக்கிறாள். 2019ஆம் ஆண்டுத் தொடரில் கிரிஸ்டல் கிளார்க் ஏற்றது அந்த வேடத்தைத்தான். எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலிலோ, ஹீத்கிளிஃப் கருத்த நிறமுள்ளவன் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. அவனைப் பார்த்த லிண்டன் வீட்டுப் பெரியவர், 'குட்டி லஸ்கரோ' என்றும் ஐயப்படுகிறார். லஸ்கர் என்ற சொல் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலை செய்த நம் பக்கத்து மாலுமிகளைக் குறித்தது. அவன் எந்த ஊரான் என்று நாவல் தீர்த்துச் சொல்வதில்லை. 2009ஆம் ஆண்டுத் தொடரில் டாம் ஹார்டி மூர்க்கத்தை நன்றாகவே காட்டினார். ஆனால் சுற்றியுள்ளவர்கள் அவனை ஏன் பார்த்தவுடனே அந்நியனாக ஒதுக்குகிறார்கள் என்பது அவர் முகத்தைப் பார்த்தால் விளங்காது.

கேள்வி (ஈரோடு வாசகி): 'நார்த் அண்ட் சவுத்' தொடரில் ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ் எனக்கு மிகவும் பிடித்தவர். தங்கள் மதிப்பீடு?

பதில்: எனக்கும் பிடித்தவரே. எலிசபெத் காஸ்கெல்லின் இந்த நாவலை 2004இல் நான்கு பகுதிகளாக எடுத்தபோது, ஆலை முதலாளி தார்ன்டன் ஒரு தொழிலாளியை அடித்து உதைப்பதை நாயகி மார்கரெட் காண்பதாகத் தொடக்கத்திலேயே ஒரு காட்சியைச் சேர்த்தார்கள். நாவலில் அது இல்லை. அந்த ஒரு சேர்க்கை நடிகருக்குப் பெரிய கடனை ஏற்றிவிட்டது: அவ்வளவு கொடுமையாக அறிமுகமானவரை நாம் விரும்பும்படி செய்யவேண்டும். ஆர்மிட்டேஜ் அந்தக் கடனைத் தாயோடு பேசும் காட்சிகளில் அடைக்கிறார். தாயாக நடித்த ஷினேட் கியூசக்கும் அவரும் எதிரெதிரே இருக்கும்போது, மகன் தாயிடம் மட்டுமே தோற்கத் தெரிந்தவன் என்பது புரிகிறது. (ஷினேடின் தங்கை சோர்ச்சா கியூசக் 1973இல் ஜேன் ஐராக நடித்தவர்.) தேநீர் வேளையில் மார்கரெட்டின் கையில் நழுவி விழும் வளையலைத் தார்ன்டன் பார்த்துக்கொண்டே இருப்பதாகக் காஸ்கெல் எழுதிய பகுதியை ஒருமுறை படித்துவிட்டு, தொடரில் அந்தத் தேநீர்க் காட்சியைப் பாருங்கள், அவருடைய பார்வை எங்கே போகிறது என்பது தெரியும்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): நேரம் குறைவு. ஒன்றே ஒன்றைப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கட்டும்?

பதில்: 1995ஆம் ஆண்டின் 'பெர்சுவேஷன்'. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாவலும் மெல்லியது, அதே வாரத்தில் படித்துவிடலாம்.